கொழுந்துக் கூடையில் ஒரு பாட்டரி

தர்மலிங்கம்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. மோட்டார் சைக்கிளைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கருக்குக் கொடுக்க மாட்டேன். சுகம் கேட்பதற்கு முன்னால் இப்படித் தொடங்குவது நன்றாக இல்லை என்று அடுப்படியிலிருந்து உன் அம்மா சொல்கிறாள். நன்றாக இல்லாமலே இருக்கட்டும். இதைக் கடைசியில் வைத்தால், அங்கே போய்ச் சேர்வதற்குள் அப்பா இளகிவிடுவார் என்று நீ நினைப்பாய். நான் இளகவில்லை. இப்போது கேட்கிறேன், கால் எப்படி இருக்கிறது? கம்பை ஊன்றிக்கொண்டு நோர்வூட் கடைத்தெரு வரை நடந்ததாக எழுதியிருக்கிறாய். சந்தோஷம். மருமகளும் அவளைப் பெற்றவர்களும் இத்தனை மாதம் உன்னை வைத்துப் பார்த்துக்கொண்டதற்கு நான் நேரில் வந்து நன்றி சொல்வேன். இந்தக் கடிதம் வேறு காரியத்துக்காக.

நீ எழுதியதில் ஒரு வரியைப் பல தடவை படித்தேன். லயத்தில் பிறந்தவன் மோட்டார் சைக்கிளில் பறந்தால் இப்படித்தான் ஆகும் என்று கிளாக்கர் சொன்னது சரிதான் அப்பா, தை பிறந்து பள்ளிக்கூடம் திறந்தால் பஸ்ஸிலும் நடையிலுமாகப் போய்க்கொள்கிறேன், வண்டியை அவர் கேட்கிறபடி கொடுத்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார், அடுத்தவன் வாயிலிருந்து விழுந்ததைப் பொறுக்கி எடுத்துத் தன் கையெழுத்தில் எழுதி அப்பனுக்கு அனுப்புவதா? எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பாதி உன்மேல். மற்றப் பாதி யார்மேல் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் மடித்து வைத்துவிடாமல் கடைசிவரை படி.

வண்டி நன்றாக இருக்கிறது. வளைந்த கைப்பிடியை நம் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் உலையில் வைத்து நானே நிமிர்த்தினேன். இரண்டு சக்கரமும் நேராக ஓடுகிறது. ஐப்பசி மழை தொடங்கி, கீழ்ப்பாதையில் மண் சரிந்து, வழக்கம்போல வண்டிகள் ஏற முடியாமல் போனதும், அதை நம் லயத்து வீட்டு வரிசையின் கோடியில் தகரக் கொட்டகைக்குள் ஏற்றி, இரண்டு கட்டை மேல் நிறுத்தி, என் பழைய கம்பளியால் மூடியிருக்கிறேன். வருஷா வருஷம் நடப்பதுதான். மழையும் அதற்குப் பின்னால் வருகிற உறைபனியும் முடிந்து தை மாதம்தான் வண்டி வெளியே வரும். ஆனால் பாட்டரியை வண்டியிலேயே விடவில்லை. கழற்றி உள்ளே கொண்டுவந்துவிட்டேன்.

அதைக் கழற்றுவது எத்தனை எரிச்சலான வேலை என்று உனக்குத் தெரியும். அந்த வண்டியைச் செய்தவன் பாட்டரியைக் கொண்டுபோய் ஆசனத்துக்குக் கீழே, ஸ்பேனர்கள் கிடக்கிற ஆயுதப் பெட்டிக்குப் பின்னால், யாருக்கோ பயந்து ஒளித்து வைத்தவன் மாதிரி வைத்திருக்கிறான். முதலில் ஆசனத்தின் மூக்கிலுள்ள போல்ட். பிறகு ஆயுதப் பெட்டி. அதற்குப் பிறகுதான் பாட்டரியை இறுக்கிப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டியில் கை படும். அதன் நட் துருவேறி இறுகியிருந்தது. பலம் கொடுத்திருந்தால் உடைந்திருக்கும். மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, மறுநாள் வரை பொறுத்திருந்து திருகினேன். தானாக இளகி வந்தது. வண்டியின் சட்டத்தோடு சேர்கிற கம்பியைத்தான் முதலில் கழற்ற வேண்டும். இந்த வண்டியில் சட்டத்தோடு சேர்வது கூட்டல் குறி போட்ட முனை. மறந்துபோய் மாற்றிப் பூட்டிவிடாமல் இருக்க, உன் அம்மாவின் பழைய சேலையில் சிவப்புக் கரையைக் கிழித்து அந்தக் கம்பியில் கட்டியிருக்கிறேன். முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்ததை அப்பச்சோடாக் கரைசலால் துடைத்தேன். மூடிகளை இறுக்கிவிட்டுத்தான் துடைத்தேன், ஒரு சொட்டுக்கூட உள்ளே போகவில்லை. காயவிட்டு வசலீன் தடவினேன். இப்போது அது நம் காம்பரா அறையில், நீ படித்த மேசைக்குக் கீழே, பலகைமேல் இருக்கிறது. அடுப்புக்குப் பக்கத்திலும் இல்லை, வெறுந்தரையிலும் இல்லை.

"அது இருக்குற எடத்துல நான் சோறு வைக்க மாட்டேன்" என்று உன் அம்மா சொன்னாள்.

"அது சோறு கேக்கலையே" என்றேன்.

"மாசத்துக்கு ஒருக்கா டவுனுக்கு கூட்டிக்கிட்டுப் போறீங்க. என்னைய எப்ப கூட்டிக்கிட்டுப் போனீங்க?"

அவள் சொன்னது உண்மைதான். மாதத்துக்கு ஒரு தடவை அதை ராகலைக்குக் கொண்டுபோகிறேன். ரேடியோ பாட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றுகிற பாரூக் நானாவின் கடையில் ஒரு நாள் வைத்து, மறுநாள் போய் எடுத்துவருகிறேன். சும்மா வைத்திருந்தாலும் அதற்குள் இருக்கும் பலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போகும். பலம் போன பாட்டரியின் ஆசிட் வெறும் தண்ணீர் மாதிரி ஆகிவிடும், பனிக்கு அதுதான் முதலில் உறையும் என்று நானா சொன்னார். ஆசிட் குறைந்திருந்தால் ஆற்றுத் தண்ணீரும் பீலிக் குழாயில் விழுகிற தண்ணீரும் ஆகாது. நானா கண்ணாடி ஜாடியில் வைத்திருக்கும் வடித்த தண்ணீர்தான்.

கொண்டுபோவதுதான் சிரமம். சாய்ந்தால் ஆசிட் வழியும். கையில் தூக்கினால் சறுக்குகிற பாதையில் பிடித்துக்கொள்ளக் கை இல்லை. முதல் மாதம் சாக்கில் கட்டித் தோளில் போட்டுப் போய், சட்டையின் முதுகுப்பக்கம் பொத்தல் பொத்தலாக வந்து நின்றேன். அடுத்த மாதம் உன் அம்மாவின் கொழுந்துக் கூடையை எடுத்து, அடியில் தகரத் தட்டு வைத்து, பாட்டரியை நிமிர்த்தி நிறுத்தி, சுற்றிலும் சாக்கைத் திணித்து, தலைக்கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். இந்தத் தோட்டத்தில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிய முதல் ஆம்பிளை நானாகத்தான் இருப்பேன். பன்னிரண்டாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்னா மாமா, ஸ்டோர்ல வேல போயிருச்சா? நம்ம நெரைக்கு வர்றீங்களா?"

"வாங்க மாமா, படங்குச் சாக்கு ஒண்ணு தாறோம். இடுப்புல கட்டிக்கங்க!"

"கூடையில என்னா மாமா?"

"எம்மவனோட வெளிச்சம்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அதற்குப் பிறகும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பாட்டரி சாயவில்லை. இந்த வயதில், இந்தக் குளிரில், ராகலைக்குப் போக நாலு மைலும் வர நாலு மைலும் நடக்கிறேனே, எதற்கு என்று நீ கேட்க வேண்டும். நீ கேட்கவில்லை. வண்டியைக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதிவிட்டாய். அதனால் நானே சொல்கிறேன்.

போன வருஷத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஐப்பசியில் வண்டியை நிறுத்தியபோது நீ என்னிடம் சொன்னாய்: "அப்பா, பாட்டரிய மட்டும் மாசம் ஒருக்கா நானா கடைக்கு அனுப்புங்க, நான் சொல்லி வச்சிருக்கேன்." மழை மாதங்களில் நீ பள்ளிக்கூடத்திலேயே தங்கிக்கொள்வாய், சனிக்கிழமைதான் வருவாய் என்பதால் அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டாய். நான் தலையாட்டினேன். மனதுக்குள் சிரித்தேன். முப்பது வருஷமாக ஸ்டோர் இஞ்சினைக் கட்டி மேய்க்கிறவன் நான். பள்ளிக்கூடம் போகாமல், இஞ்சின் டிரைவருக்கு எண்ணெய்க் குவளை தூக்கித் தூக்கியே அதைப் படித்தவன். தகட்டில் அடித்திருந்த இங்கிலீஷ் எண்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எண்களைக் கற்றேன். பிறகு தமிழ் எழுத்தையும் அப்படியே கற்றேன். பிரஜாவுரிமை விண்ணப்பத்தை மூன்று தடவை திருப்பி அனுப்பியபோதும் ஒருவர் உதவியும் இல்லாமல் நாலாவது தடவை நானே எழுதினேன். இப்படிப்பட்டவனுக்கு, ரேடியோவுக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஒரு கடைக்காரர் பாடம் சொல்வதா என்று நினைத்தேன்.

ஸ்டோர் இஞ்சினை நீண்ட நாள் நிறுத்தி வைத்தால் நாங்கள் என்ன செய்வோம்? இஞ்சினைக் குளிர்விக்க அதன் சுற்றுச் சுவருக்குள் நிற்கும் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் இறக்கிவிடுவோம். துரு பிடிக்கக் கூடாது, பனிக்கு உறைந்து வார்ப்பு வெடிக்கக் கூடாது என்று. உள்ளே காய்ந்திருந்தால் எத்தனை மாதம் ஆனாலும் இஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. பாட்டரிக்கும் அதையே செய்தேன். மூன்று மூடிகளையும் திறந்து, ஆசிட்டைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி எடுத்துவைத்துவிட்டு, உள்ளே நன்றாகக் கழுவி, தேயிலை காய்கிற ட்ரையருக்குப் பக்கத்தில், ஈரம் அண்டாத இடத்தில் கவிழ்த்து வைத்தேன். மூன்று மாதம் அது அங்கே காய்ந்தது. அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு அக்கறையாகச் செய்தேன். தை மாதம் அதே ஆசிட்டைத் திரும்ப ஊற்றி, ஸ்டோர் டைனமோவிலேயே ஒரு இரவு சார்ஜ் ஏற்றி, வண்டியில் பூட்டினேன். விளக்கு எரிந்தது. நான் உன்னை நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பார்வை உனக்கு ஞாபகம் இருக்கும்.

இன்னொன்றும் உனக்கு ஞாபகம் இருக்க வேண்டும். நான் இரும்புப் பட்டியைப் போடுவதற்கு முன்னால், "உள்ள எப்புடி இருக்குன்னு ஒருக்கா பாத்துர்றேன் அப்பா" என்று குனிந்து, நடு மூடியில் கை வைத்தாய். நான் உன் கையைத் தட்டிவிட்டேன். "என்னா, எனக்கே சொல்லித் தாறியா? நீ பொறக்குறதுக்கு முன்ன இருந்து இரும்போட கெடக்குறேன்" என்றேன். நீ சிரித்துக்கொண்டு கையை எடுத்துவிட்டாய். அன்று நீ அந்த மூடியைத் திறந்திருந்தால் தகடுகள் வெள்ளை பூத்துக் கிடந்ததைப் பார்த்திருப்பாய். வண்டியை அப்படியே டவுனுக்குக் கொண்டுபோயிருப்பாய். மாசியில், விளக்கு மங்கலாக இருக்கிறதே அப்பா என்று சொன்னாய். பனிமூட்டத்தில் எல்லா விளக்கும் மங்கல்தான் என்று அடித்துச் சொன்னவனும் நான்தான்.

பங்குனியில் அந்தச் சாயங்காலம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு, ஆறு மணி வாக்கில், மூட்டம் இறங்கிய பாதையில் வந்துகொண்டிருந்தாய். ஸ்டோருக்கு மேலே உள்ள இறக்கத்தில் இரண்டாவது முடக்கு வளைவு. விளிம்பில் வெள்ளை அடித்த கற்கள் விளக்கு வெளிச்சத்தில்தான் தெரியும். விளக்கு அணைந்தது. கற்கள் தெரியவில்லை. பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் போய் விழுந்தாய், வண்டி காலின்மேல். கொழுந்து லொறிக்காரர்கள் தூக்கி வந்தார்கள். பெரிய கிளாக்கர்தான் ஸ்டோர் லொறியில் பெட்ரோல் போடச் சொல்லி, நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். அதை நான் மறக்கவில்லை, மறைக்கவும் இல்லை. அதை வைத்துக்கொண்டு அவர் பிறகு பேசியதையும் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நாங்கள் நின்றோம். கண்ணைத் திறந்ததும் நீ சொன்ன முதல் வார்த்தை, "அப்பா, லைட்டு போச்சு." அதற்கு நான் என்ன சொன்னேன்? "வேகமா போனா எல்லாந்தான் போகும்" என்றேன். உன் அம்மா அழுதுகொண்டே, "வேகமா வந்தியாடா? உண்மையச் சொல்லு" என்று கேட்டாள். நீ என்னைப் பார்த்தாய். பிறகு, "ஆமாம்மா, வேகமாத்தான் வந்தேன் போல" என்றாய். அந்தப் 'போல' இன்னும் என் காதில் இருக்கிறது. ஊர் முழுக்க அதையே சொல்லியது. வாத்தியார் பறந்தார், விழுந்தார். எலும்பு கூடவில்லை என்று மறுபடியும் உடைத்து வைத்துக் கட்டினார்கள். அந்த வலியையும் உன் வேகத்துக்கு வந்த தண்டனை என்று நீ வாங்கிக்கொண்டாய்.

விழுந்த வண்டியை ஸ்டோருக்குக் கொண்டுவந்தபோது நான் முதலில் விளக்கைத்தான் பார்த்தேன். கண்ணாடி உடையவில்லை. பல்பில் கம்பி அறுந்திருக்கவில்லை. கம்பிகளும் கழன்றிருக்கவில்லை. பாட்டரிதான் என்று அப்போதே தோன்றியது. ஆனாலும் வைகாசி வரை தள்ளிப்போட்டேன். வைகாசியில் ஒரு நாள் பாட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு பாரூக் நானாவிடம் போனேன். உன்னைவிட இரண்டு மூன்று வயதுதான் அவருக்குக் கூட இருக்கும். மூடியைத் திறந்து, டோர்ச் அடித்து உள்ளே பார்த்தார்.

"பெரியவரே, மழைக்கு நிப்பாட்டி வச்சிருந்தப்ப இத எங்க வச்சிருந்தீங்க?"

"ஸ்டோர்ல. ட்ரையர் பக்கத்துல. ஈரமே அண்டாத எடம்."

"ஆசிட்டோடயா?"

"ஆசிட்ட ஊத்தி எடுத்துட்டு, கழுவி, காயவச்சேன்."

அவர் முதலில் சிரித்தார். "என்னா மனுசன் நீங்க! தேயிலன்னு நெனச்சிட்டீங்களா, காயவைக்க? மீன வெளிய எடுத்துப் போட்டுட்டு, அது தூங்குதுன்னு சொல்லுவீங்க போலயே" என்றார்.

"இஞ்சின அப்புடித்தான் வைப்போம் நானா" என்றேன்.

"இஞ்சினுக்கு தண்ணி வெளிச் சாமான். இதுக்கு அதுதான் ரெத்தம். ஒருக்கா ஊத்துனா ஊத்துனதுதான். ஈரமா இருந்த தகடு காத்துபட்டா வெந்துரும். அதுக்கப்பறம் ரெண்டு மாசம் நடிக்கும், அவ்வளவுதான்." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "மகனுக்கு லைட்டு எந்த எடத்துல போச்சு?" என்று கேட்டார்.

"எறக்கத்துல, முடக்குக்கு முன்ன."

"வேகமா வந்தாராமா?"

"அப்புடித்தான் எல்லாரும் சொல்றாங்க. அவனும் சொல்றான்."

"அப்ப லைட்டு போயிருக்காதே" என்றார். எனக்கு விளங்கவில்லை. அவர் ஒரு வண்டியின் டைனமோவைக் கையால் சுற்றிக் காட்டிச் சொன்னார்: "வேகமா ஓடுற வண்டியில டைனமோ வேகமா சுத்தும். பாட்டரி செத்திருந்தாக்கூட லைட்ட அதுவே எரிச்சிரும். கேஸ கொறச்சு, மெல்லமா எறங்குறவருக்கு டைனமோ ஒதவாது. அந்த நேரத்துலதான் லைட்டுக்கு பாட்டரி வேணும். ஒங்க மகன் பக்குவமாத்தான் எறங்கியிருக்காரு, பெரியவரே. வேகமா வந்திருந்தா, லைட்டு எரிஞ்சிருக்கும்."

தர்மலிங்கம், இந்தக் கடிதத்தில் நீ எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. நீ வேகமாக வரவில்லை. மூட்டத்தில், இறக்கத்தில், எப்படி வர வேண்டுமோ அப்படி மெதுவாக வந்தாய். உன்னைக் கானில் தள்ளியது உன் வேகம் இல்லை. உன் அப்பன் சுத்தமாகக் கழுவிக் காயவைத்த பாட்டரி.

இது எனக்கு வைகாசியில் தெரியும். இப்போது மார்கழி. நடுவில் உன்னை எத்தனை தடவை பார்க்க வந்தேன்? ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறும்போது சொல்லிவிட வேண்டும் என்று ஏறுவேன். கட்டுப் போட்ட காலைப் பார்ப்பேன். முதலில் கால் தேறட்டும் என்று நினைப்பேன். பிறகு, அவனே மறந்துவிட்டான், ஏன் கிளற வேண்டும் என்று நினைப்பேன். இதெல்லாம் சாக்கு. உண்மை என்னவென்றால், முப்பது வருஷம் இஞ்சின் பார்த்தவன் ஒரு சின்னப் பெட்டியைக் கெடுத்தான் என்று என் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. சொல்வதற்குப் பதிலாக வேலை செய்தேன். நானாவிடம் சொல்லி உள்தகடுகள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினேன். ஒரு மாணவன் மாதிரி அவர் கடையில் நின்று கேட்டுக் கேட்டுக் கற்றேன். கைப்பிடியை நிமிர்த்தினேன். கூடையைத் தலையில் மாட்டினேன். இதைச் செய்தால் அதைச் சொல்ல வேண்டியதில்லை என்று எனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். உன் கடிதம் அந்தக் கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டது. எனக்காக நீ சுமந்துகொண்டிருந்ததை இப்போது எழுத்திலும் எழுதி ஒப்புக்கொண்டாயே, அதை என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரிய கிளாக்கர் லயத்துக்கே வந்தார். உன் கடிதம் அவருக்கும் வந்திருந்தது போலிருக்கிறது. சின்னத்துரை சீமைக்குப் போகும்போது இந்த வண்டியை உனக்குத் தந்ததிலிருந்தே அவருக்கு அதன்மேல் ஒரு கண். கொட்டகையைத் திறக்கச் சொல்லி, கம்பளியை விலக்கி, ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். வாசல்களில் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"பாட்டரி எங்க? காணோமே" என்றார்.

"வீட்டுல இருக்குங்க."

"பாட்டரி இல்லாட்டியும் இது ஓடும். சாவியக் குடு. ஒம்மகன் எழுதிட்டான். வாத்தியாருக்கு கால் ஒடஞ்சாத்தான் புத்தி வரும்னு நான் அப்பவே சொன்னேன்ல? லயத்துல பொறந்துட்டு துரை மாதிரி பறந்தா?"

சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தலையைக் குனிந்ததைப் பார்த்ததும் எனக்குள் இருந்தது வெளியே வந்துவிட்டது.

"ஐயா, எம்மவன் பறக்கலீங்க" என்றேன். "மெல்லமாத்தான் எறங்கியிருக்கான். லைட்டு செத்ததாலதான் விழுந்தான். லைட்டு செத்தது என்னால. பாட்டரிய கெடுத்தது நான். வைகாசியிலருந்து எனக்குத் தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

கிளாக்கர் கைப்பிடியை விடவில்லை. "சரி, யார் கெடுத்தா என்னா? இப்ப சொல்லி கால் நேராயிருமா? வண்டிதான் அவனுக்கு வேணாம்னு ஆயிருச்சே. சாவியக் குடு" என்றார்.

"அவன் வேணாம்னு சொன்னது, அவன் தப்புன்னு நெனச்சு சொன்னது. அது இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டு அவன் வேணாம்னு சொல்லட்டும். அப்ப நானே தள்ளிக்கிட்டு வந்து ஒங்க வாசல்ல விடுறேன். அதுவரைக்கும் சாவி எம்மடியில இருக்கும்."

"நீ மாறவே மாட்டியா?"

"இந்த வயசுல எதுக்குங்க?" என்றேன். அவர் இறங்கிப் போய்விட்டார். போகும்போது கம்பளியைத் திரும்பப் போர்த்திவிட்டுப் போனார், அதையும் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலம் உன் அம்மா தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். "ஒம்பது மாசமா எம்புள்ளைய ஏசிக்கிட்டு இருந்தேன். ஏன் வேகமா போன, ஏன் வேகமா போனன்னு. நீங்க பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க" என்றாள். "எங்கிட்ட சொல்லி என்னா? லயத்துக்கிட்ட சொல்லி என்னா? எழுதுங்க. அவனுக்கு எழுதுங்க" என்று உன் மேசையில் இருந்த தாளையும் பேனையையும் எடுத்து என் முன்னால் போட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ என்மேல் கோபப்பட்டுக்கொள். அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது, குறைத்துக்கொள்ளச் சொல்லி நான் கேட்க மாட்டேன். கோபத்தில் வண்டியை விற்றாலும் விற்பாய். அதற்கும் நான் குறுக்கே நிற்க மாட்டேன், ஆனால் நேரில் வந்து, வண்டிக்கு முன்னால் நின்று, எனக்கு அது வேண்டாம் என்று நீ உன் வாயால் சொல்ல வேண்டும். கடிதத்தில் சொன்னால் செல்லாது. பயம் இருந்தால் இருக்கட்டும், பயத்தோடு ஏறு. பள்ளிக்கூடம் ஏழு மைல். அந்தக் காலோடு நீ நடந்தால், உன்னைப் பார்க்கிற ஒவ்வொரு பிள்ளையும், லயத்துப் பிள்ளைகள் நடக்கத்தான் வேண்டும் என்று கற்றுக்கொள்ளும். அந்தப் பாடத்தை நீ நடத்துவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

உனக்கு ஒன்று மட்டும் சொல்வேன். உன் பிள்ளைகள் வளர்ந்து, உன் வேலையைத் திறந்து பார்க்கக் கை நீட்டினால், அந்தக் கையைத் தட்டிவிடாதே. நமக்கு நன்றாகத் தெரிந்த வேலையில்தான் நாம் கண்ணை மூடிக்கொண்டு இருப்போம். எனக்குத் தெரியாத வேலையாக இருந்திருந்தால் நான் நானாவிடம் கேட்டிருப்பேன். எனக்கு இஞ்சின் தெரிந்திருந்தது. அதனால் நீ விழுந்தாய்.

வருகிற சனிக்கிழமை மறுபடியும் ராகலைக்குப் போய், இந்த மழைக்காலத்தின் கடைசிச் சார்ஜை ஏற்றி வருவேன். தைப்பொங்கலுக்கு மறுநாள் பாதையில் மண் எடுத்து முடித்துவிடுவார்கள் என்று சொல்கிறார்கள். நீ வா. மருமகளையும் கூட்டிக்கொண்டு வா. பஸ் நிற்கும் இடத்தில் நான் நிற்பேன். வண்டியை ஸ்டோர் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, ஆசனத்தையும் ஆயுதப் பெட்டியையும் கழற்றித் தயாராக வைத்திருப்பேன். கூடையிலிருந்து பாட்டரியை எடுத்து அதன் இடத்தில் இறக்குவேன். சிவப்புத் துணி கட்டிய கம்பியைக் கடைசியாக அதன் முனையில் மாட்டுவேன். அதோடு என் வேலை நின்றுவிடும். பட்டியைப் போட மாட்டேன்.

மூன்று மூடிகளையும் நீ திற. ஆசிட் தகடுகளுக்கு மேலே நிற்கிறதா, தகடுகளில் வெள்ளை பூத்திருக்கிறதா என்று டோர்ச் அடித்து நன்றாகப் பார். அவசரப்படாதே. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். நான் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். சரி என்று நீ சொன்ன பிறகுதான் நட்டை முறுக்குவேன்.

உன் அப்பா